60 லிட்டர் பவளத் தொட்டி: நீர் போகும் வழியை மாற்றிக் கட்டியது

சின்ன உப்புநீர்த் தொட்டி என்று வாங்கப் போனால் பெரும்பாலும் கிடைப்பது ஆல்-இன்-ஒன் வகைதான். முன்பக்கம் மீனும் பவளமும் இருக்கும். பின்சுவரை ஒட்டிக் கருப்புத் தடுப்பு ஒன்று, அதற்குப் பின்னால் குறுகலாக மூன்று அறைகள். மேற்பரப்பு நீர், தடுப்பின் மேல்விளிம்பில் சீப்புப் பல் மாதிரி வெட்டியிருக்கும் பல்வரிசை வழியாக முதல் அறையில் விழும். தடுப்பின் அடியில் நுழைந்து இரண்டாம் அறையில் மேலேறும். அடுத்த தடுப்பின் தலைக்கு மேல் வழிந்து மூன்றாம் அறைக்குப் போகும். அங்கே இருக்கும் பம்ப் அதை மறுபடி முன்பக்கம் தள்ளும். ஏற்பாடு நல்ல ஏற்பாடுதான். ஆனால் அந்த அறைகளுக்குள் போட்டுத் தரும் சாமான்களும் அவற்றைப் போட்டிருக்கும் முறையும் பவளத்துக்கு அவ்வளவாக ஒத்துவருவதில்லை. அவற்றை எடுத்துவிட்டு, பம்பையும் நீரோட்டத்தையும் மாற்றிய கதை இது.

என் தொட்டியின் முன்பகுதி 45 செ.மீ. நீளம், 35 செ.மீ. அகலம். பின்னறைகள் 10 செ.மீ. அகலம். பாறையும் மணலும் பிடித்த இடம் போக மொத்தம் ஏறக்குறைய 60 லிட்டர் நீர். இரண்டு க்ளௌன் மீன்கள், ஒரு ஹேமர் பவளம், ஒரு அகான் பவளம், காளான் பவளங்கள், பாறை மேல் பூ மாதிரி விரியும் ஜோவாந்தஸ் திட்டுகள். அக்ரோபோரா மாதிரி கடும் நீரோட்டம் கேட்கும் பவளம் எதுவும் இல்லை. கீழே வரும் அளவுகளை இந்தக் கூட்டத்துக்கான அளவுகளாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

உப்பு 35 பிபிடி (ஆயிரத்தில் 35 பங்கு), வெப்பம் 25-26 டிகிரி, காரத்தன்மை அதற்கான டிகேஹெச் அளவில் 8-க்குச் சற்று மேல். இவற்றில் குறை இல்லை. ஆனால் நைட்ரேட் 40 பிபிஎம்மை (பத்து லட்சத்தில் 40 பங்கு) விட்டு இறங்கவே இல்லை, பாஸ்பேட் 0.25. பாறைக் குவியலுக்குப் பின்னால், கை எட்டாத இடத்தில், கருஞ்சிவப்பில் வழவழவென்று சயனோபாக்டீரியா என்ற நுண்ணுயிர்ப் படலம். வாராவாரம் 10 சதவீதம் நீர் மாற்றிக்கொண்டுதான் இருந்தேன்.

இங்கே ஒரு சின்னக் கணக்கு. 10 சதவீதம் நீர் மாற்றினால் நைட்ரேட்டும் 10 சதவீதம்தான் குறையும். 40 என்பது 36 ஆகும். அடுத்த வாரம் மறுபடி 40 என்றால், தொட்டி வாரத்துக்கு 4 பிபிஎம் உண்டாக்குகிறது என்று அர்த்தம். இதை 10-ல் நிறுத்த இரண்டு வழி: வாராவாரம் 40 சதவீதம் நீர் மாற்றுவது, அல்லது உற்பத்தியை 1-க்குக் கொண்டுவருவது. முதல் வழி உப்புக்கும் கேடு, முதுகுக்கும் கேடு. பவளங்களுக்கும் அவ்வளவு பெரிய மாற்றம் அடிக்கடி ஆகாது. ஆக, அழுகி நைட்ரேட்டாக மாறுகிற கசடை, அழுகுவதற்கு முன்பே வெளியே எடுக்க வேண்டும். அதற்கு முதலில் கசடு ஃபில்டர் வரைக்கும் வந்து சேர வேண்டும். ஃபில்டரையும் நீரோட்டத்தையும் தனித்தனி வேலையாகப் பார்க்கக் கூடாது என்று நான் சொல்வது இதனால்தான். முன்பக்கம் ஓட்டம் சரியில்லை என்றால் பின்னால் எவ்வளவு நல்ல பஞ்சு வைத்தாலும் அது வெள்ளையாகவே இருக்கும்.

பின்னறைகளைத் திறந்தபோது

முதல் அறையில் கருப்பு ஸ்பாஞ்ச் கட்டி ஒன்று. இரண்டாம் அறையில் பாதிக்கு பயோ பால் (பாக்டீரியா குடியேறுவதற்கான பிளாஸ்டிக் பந்துகள்), மீதிக்கு பீங்கான் வளையங்கள். ஸ்பாஞ்சின் நடுப்பகுதி அடைத்துப் போயிருந்தது; ஓரங்கள் மட்டும் சுத்தம். நீர் ஸ்பாஞ்சுக்குள் நுழையாமல் சுவருக்கும் ஸ்பாஞ்சுக்கும் இடையில் நழுவிக்கொண்டிருந்தது. மடையை அடைத்தால் வரப்பை உடைத்துக்கொண்டு போகிற வாய்க்கால் நீர் மாதிரி, இதுவும் எது சுலபமோ அந்த வழியில்தான் போகும். வடிகட்டும் பொருள் எவ்வளவு உயர்ந்ததானாலும் ஓரத்தில் இடைவெளி இருந்தால் அது வெறும் அலங்காரம்.

இரண்டாம் அறையின் அடியில் இரண்டு விரல்கடை உயரத்துக்குக் கசடு. பயோ பால்களை ஒவ்வொன்றாகத் தூக்கும்போதே பழுப்பு மேகம் கிளம்பியது.

பயோ பாலை 'நைட்ரேட் தொழிற்சாலை' என்று திட்டுவது வழக்கம். அது முழு உண்மை இல்லை. மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியா எங்கே இருந்தாலும் நைட்ரைட்டாகி நைட்ரேட்டாகத்தான் போகும். பயோ பாலில் குடியிருக்கும் பாக்டீரியா செய்வதும் அதைத்தான், பாறையில் குடியிருப்பது செய்வதும் அதைத்தான். வித்தியாசம் இரண்டு. லைவ் ராக்கின், அதாவது தொட்டியில் வைக்கும் உயிருள்ள பாறையின், உட்புற நுண்துளைகளில் ஆக்சிஜன் குறைவு. அங்கே இருக்கும் வேறு பாக்டீரியா நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக்கி வெளியேற்றும். பிளாஸ்டிக் பந்துக்கு உள்ளே என்று ஓர் இடமே கிடையாது. இரண்டாவது, பந்துகளுக்கு இடையில் சிக்கும் கசடு மாதக்கணக்கில் அங்கேயே கிடந்து அழுகும். குற்றவாளி பந்து இல்லை, அது ஒளித்துவைத்திருக்கும் அழுக்குதான்.

சொல்லப்போனால் பயோ பால் நீரில் மூழ்கி வேலை செய்வதற்காக வந்ததே இல்லை. 1980-களின் நடுவில், ஜார்ஜ் ஸ்மிட் எழுதிய கட்டுரைகளுக்குப் பின் அமெரிக்காவில் பரவிய சொட்டு ஃபில்டர்களில், காற்றில் தொங்கும் பந்துகள் மேல் நீர் சொட்டும். ஈரமும் காற்றும் சேர்ந்து பாக்டீரியாவுக்கு ஆக்சிஜன் தாராளமாகக் கிடைக்கும். அதைக் கொண்டுபோய் மூழ்கிய அறையில் நிரப்புவது பழக்கத்தால் வந்தது. அதற்கும் முன்னால், 1961-லேயே, இந்தோனேசியாவைச் சேர்ந்த லீ சின் எங் உயிருள்ள பாறைகளும் காற்றுக்குமிழும் மட்டும் வைத்துக் கடல்மீன்களையும் பவளங்களையும் வளர்ப்பதைப் பற்றி எழுதிவிட்டார். சுற்றிச் சுற்றி இன்று சின்னத் தொட்டிக்காரர்கள் வந்து நிற்பது கிட்டத்தட்ட அவர் தொடங்கிய இடத்தில்தான்.

எடுப்பது என்று முடிவானதும் எல்லாவற்றையும் ஒரே நாளில் அள்ளிவிடவில்லை. மூன்றில் ஒரு பங்கு எடுப்பது, ஒரு வாரம் விடுவது, நடுவில் அம்மோனியா சோதிப்பது என்று போனேன். தொட்டியில் போதுமான லைவ் ராக் இருந்தால் பாக்டீரியாக் கூட்டம் அங்கே பெருகி ஈடுகொடுக்கும். என் தொட்டியில் அம்மோனியா ஒரு முறையும் தலைகாட்டவில்லை. பாறை குறைவாக இருக்கும் தொட்டியில் இதைவிட மெதுவாகப் போவது நல்லது.

அடிக்கசடை எடுக்கும்போது ஒரு விஷயம் முக்கியம். பம்பை நிறுத்திவிட்டு, மெல்லிய சைஃபன் குழாயை அடிவரை இறக்கி, நேராக வாளிக்கு உறிஞ்ச வேண்டும். பம்ப் ஓடிக்கொண்டிருக்கும்போது கிளறினால் மொத்தமும் பவளங்கள் மேல் போய் விழும். நாள்பட்ட கசடில் ஆக்சிஜனே இல்லாத அடுக்குகள் இருக்கும்; அவற்றைக் கலைத்தால் அழுகிய முட்டை வாடையோடு ஹைட்ரஜன் சல்ஃபைடு வரும். 60 லிட்டர் தொட்டியில் அது கொஞ்சம் கலந்தாலும் மீன்களுக்கு ஆபத்து. வாராவாரம் மாற்றும் 6 லிட்டர் நீரை இந்த வழியிலேயே எடுத்தேன். ஒரே வேலையில் இரண்டும் முடிந்தது.

புதிய அடுக்கு

முதல் அறைக்கு 3 மி.மீ. அக்ரிலிக் தகட்டில் ஓர் அடுக்குக் கூடு செய்தேன். தட்டுகளுக்கு, மேற்கூரை விளக்குகளின் கீழே பொருத்துவார்களே, கட்டம் கட்டமான வெள்ளை பிளாஸ்டிக் வலை, அதை வெட்டிக்கொண்டேன். அக்ரிலிக்கை ஒட்டுவதற்குச் சிலிக்கான் வேண்டாம். கண்ணாடியோடு கண்ணாடியைச் சிலிக்கான் விடாமல் பிடிக்கும். அக்ரிலிக்கில் நாளடைவில் உரிந்து வந்துவிடும். அக்ரிலிக்குக்கென்று இருக்கும் கரைப்பான் பசையை ஊசியால் இணைப்பில் ஓடவிட்டால் இரண்டு தகடும் கரைந்து ஒன்றாகிவிடும். முழுதாகக் காய்ந்து வாடை போன பிறகு, நல்ல நீரில் ஊறவைத்துக் கழுவிவிட்டு இறக்கலாம்.

தொட்டிக்குள் போகும் எதிலும் உலோகத் திருகோ கிளாம்போ வேண்டாம். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலும் கடல்நீரில் துருப்பிடிக்கும். செம்பு, பித்தளை இன்னும் மோசம். முதுகெலும்பில்லாத உயிர்களுக்குச் செம்பு மிகச் சிறிய அளவிலேயே விஷம். குழாய் இணைப்புகளை நைலான் டை வைத்தே இறுக்கினேன்.

கூட்டின் மேல்தட்டில் வெள்ளைப் பஞ்சு. அடுத்த தட்டில் வலைப்பையில் ஒரு கைப்பிடி ஆக்டிவேட்டட் கார்பன். அதற்குக் கீழே ஒன்றும் இல்லை, வெறும் நீர். எதை அடிக்கடி மாற்ற வேண்டுமோ அது கை வைத்ததும் கிடைக்க வேண்டும். பஞ்சு அடியில் இருந்தால் இரண்டு நாளில் மாற்ற வேண்டியதை இரண்டு வாரம் தள்ளிப்போடுவோம். யாராக இருந்தாலும் அப்படித்தான். பஞ்சை இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை தூக்கி எறிகிறேன். துவைத்து மறுபடி போடுவதில்லை. நைட்ரேட் குறைந்ததில் பெரும்பங்கு இந்தச் சின்னத் துண்டுப் பஞ்சுக்குத்தான் என்பது என் எண்ணம்.

பஞ்சைத் தட்டின் அளவைவிட அரை செ.மீ. பெரிதாக வெட்டினால் ஓரம் இறுக்கமாக உட்காரும். அப்படியானால் பஞ்சு அடைத்துக்கொண்டால் என்ன ஆகும்? முதல் அறையில் நீர் ஏறும், மூன்றாம் அறையில் இறங்கும், பம்ப் காற்றை உறிஞ்சத் தொடங்கும். அதனால் கூட்டின் ஒரு மூலையில், பஞ்சுக்கு 2 செ.மீ. மேலே, வேண்டுமென்றே ஒரு வெட்டு விட்டிருக்கிறேன். அடைத்தால் நீர் அதன் வழியாக வழிந்து போகும். வழியும்போது சலசலவென்று சத்தம் வேறு கேட்கும். பஞ்சு மாற்றும் நேரம் வந்துவிட்டது என்று அதுவே சொல்லிவிடும்.

கார்பனைப் போடுவதற்கு முன் கருந்தூள் போகும்வரை நல்ல நீரில் அலச வேண்டும். மூன்று நான்கு வாரத்தில் மாற்றிவிடலாம். மென்பவளங்கள் பக்கத்துப் பவளங்களை ஒடுக்க நீரில் வேதிப்பொருள்களை விடும். பல வகைகளைச் சின்ன இடத்தில் நெருக்கி வைக்கும்போது கார்பனின் உண்மையான பயன் அங்கேதான். நீர் கண்ணாடி மாதிரி தெளிவாவது உபரி லாபம்.

பாஸ்பேட்டை இழுக்கும் இரும்பு ஆக்சைடு மணிகளைப் போடலாமா என்று யோசித்துவிட்டு விட்டேன். சின்னத் தொட்டியில் அது மிக வேகமாக வேலை செய்யும். பாஸ்பேட் சட்டென்று விழுந்தால் பவளம் வெளிறும். நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் பூஜ்ஜியத்தைத் தொட்டால் டைனோஃபிளாஜெல்லேட் என்ற பழுப்புக் கோழை கிளம்பும். அதை ஒழிப்பதைவிட 40 நைட்ரேட்டோடு வாழ்ந்துவிடலாம். நுரையில் கழிவை ஏற்றி அகற்றும் ஸ்கிம்மரும் வைக்கவில்லை. இந்த அளவு அறைக்குள் நுழையும் ஸ்கிம்மர்கள் நீர்மட்டம் ஒரு செ.மீ. மாறினாலே முரண்டு பிடிப்பவை. 6 லிட்டர் நீர் மாற்றுவது அதைவிடச் சுலபம்.

இரண்டாம் அறை கீட்டோ பாசிக்குப் போனது. கீட்டோமார்ஃபா என்பது உருண்டு திரண்ட பச்சை நூல்கண்டு மாதிரி வளரும் கடற்பாசி. வேர் கிடையாது, எதிலும் ஒட்டாது, அறுத்து எடுப்பது சுலபம். அது வளர நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் வேண்டும். வளர்ந்ததைப் பிய்த்து வெளியே போட்டால் அவையும் கூடவே போய்விடும். வெளிச்சத்துக்காகப் பின்கண்ணாடியில் ஒட்டியிருந்த கருப்புப் படலத்தில் இரண்டாம் அறையின் அளவுக்கு ஒரு ஜன்னல் வெட்டி, வெளியே ஒரு சின்ன எல்.இ.டி. விளக்கை மாட்டினேன். முன்பக்க விளக்கு அணைந்ததும் இது எரியும். பகலில் ஒளிச்சேர்க்கை கார்பன் டை ஆக்சைடை இழுப்பதால் பி.ஹெச். ஏறும், இரவில் இறங்கும். பாசிக்கு இரவில் விளக்கு போட்டால் இந்த ஏற்ற இறக்கம் ஓரளவு குறையும். தொடக்கத்தில் பாசி அசைவே காட்டவில்லை. பிறகு பிடித்துக்கொண்டது.

ஹீட்டரும் இங்கேதான், பாசி சுற்றிக்கொள்ளாமல் பிளாஸ்டிக் வலை ஒன்றுக்குள். முன்பு அது பம்ப் அறையில் இருந்தது. நீர்மட்டம் அதிகம் ஏறி இறங்குவது அந்த அறையில்தான். ஹீட்டர் வெளியே தெரிந்து சூடாகிப் பிறகு நீர் பட்டால் கண்ணாடி வெடித்துவிடும். இரண்டாம் அறையின் மட்டத்தை அடுத்த தடுப்பின் உயரம் பிடித்து நிறுத்தியிருக்கிறது. பம்ப் நின்றாலும் அது இறங்காது.

பம்ப்

பழைய பம்பின் மேல் மணிக்கு 600 லிட்டர் என்று அச்சடித்திருந்தது. அது குழாயோ உயரமோ இல்லாமல் வெறுமனே ஓடும்போது வரும் அளவு. உண்மையில் எவ்வளவு வருகிறது என்று பார்க்க, பம்ப் தள்ளும் நீர் முன்பக்கம் வந்து விழும் வாயான நாசிலில் ஒரு குழாயைச் செருகி 2 லிட்டர் ஜாடியில் பிடித்தால் போதும். குழாயின் வாயை நாசிலின் உயரத்திலேயே பிடிக்க வேண்டும். கீழே தரைவரை தொங்கவிட்டால் சைஃபன் சேர்ந்து இழுத்து, இல்லாத வேகத்தைக் காட்டும். பெரிய வாளியும் வேண்டாம்; 5 லிட்டர் எடுப்பதற்குள் மேற்பரப்பு பல்வரிசைக்குக் கீழே இறங்கி, பம்ப் அறை வற்றிவிடும். பிடித்த நீரை உடனே திரும்ப ஊற்றிவிடலாம்.

2 லிட்டர் நிரம்ப 18 விநாடி. மணிக்கு 400 லிட்டர். அச்சடித்ததில் மூன்றில் இரண்டு பங்கு.

அதற்குப் பதிலாக வேகத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடிய டி.சி. பம்ப் ஒன்று, மணிக்கு 1200 லிட்டர் என்று போட்டது. அதை முழு வேகத்தில் ஓட்டுவதற்காக வாங்கவில்லை. பின்னறை வழியாக எவ்வளவு நீர் போக முடியும் என்பதைத் தீர்மானிப்பது பம்ப் இல்லை, பல்வரிசையின் இடைவெளிதான். பம்பை மட்டும் கூட்டினால் முன்பக்க மட்டம் விளிம்பை நோக்கி ஏறும், பம்ப் அறை காலியாகும். படிப்படியாகக் கூட்டி, 2 லிட்டருக்கு 11 விநாடி என்ற இடத்தில் நிறுத்தினேன். மணிக்கு ஏறத்தாழ 650 லிட்டர், தொட்டி நீர் மணிக்குப் பத்துமுறைக்குச் சற்று மேல் ஃபில்டர் வழியாகப் போகிறது. அதற்கு மேல் ஃபில்டருக்குள் வேகம் கூட்டுவதில் பலன் இல்லை, பஞ்சு சீக்கிரம் சரிந்து ஓரம் விடுகிறது. வேகத்தைப் பாதியில் வைத்து ஓட்டுவதால் சூடும் குறைவு. சின்னத் தொட்டியில் பம்பின் சூடு நேராக நீரில்தான் சேரும், அது சின்ன லாபம் இல்லை.

மட்டத்தைப் பற்றி இன்னொன்று. இந்த வகைத் தொட்டியில் நீர் ஆவியாவதால் முன்பக்க மட்டம் மாறவே மாறாது. ஆவியாகிற நீர் முழுவதும் கடைசி அறையில் மட்டும் குறைவாகத் தெரியும். என் பம்ப் அறையின் பரப்பு 12-க்கு 10 செ.மீ. நாளொன்றுக்கு 1 லிட்டர் ஆவியானால் அந்த ஓர் அறையில் மட்டும் 8 செ.மீ.க்கு மேல் இறங்கிவிடும். அப்புறம் பம்ப் காற்றை இழுத்து, தொட்டி முழுக்கப் பொடிக் குமிழாகத் துப்பும். உப்பும் 35-லிருந்து 35.6-க்கு ஏறும். அதனால் குறையும் நீரைத் தானாக நிரப்பும், மிதவை வைத்த ஆட்டோ டாப்-அப் இந்த மாற்றத்தோடு கட்டாயமாயிற்று. ஆவியாவது நீர் மட்டும்தான், உப்பு அங்கேயே இருக்கும். ஆகவே நிரப்புவது உப்பில்லாத ஆர்.ஓ. நீர். அந்த நீர் வைக்கும் பாத்திரம் 5 லிட்டருக்கு மேல் வேண்டாம் என்று வைத்திருக்கிறேன். மிதவை சிக்கி மொத்தமும் உள்ளே கொட்டினாலும் உப்பு 32-க்குக் கீழே போகாது, எல்லாம் பிழைக்கும். 20 லிட்டர் கேன் வைத்தால் வாரக்கணக்கில் கவலை இல்லைதான். சிக்கும் அந்த ஒரு நாளில்தான் கவலை.

வயர்கள் எல்லாம் பிளக்குக்கு வருவதற்கு முன் கீழே ஒரு தொங்கல் எடுத்து மேலேறும்படி வைத்தேன். வயர் வழியாக வழியும் நீர் அந்தத் தொங்கலிலேயே சொட்டிவிடும். மின்கசிவு பிரேக்கர் இல்லாத இணைப்பில் உப்புநீர்த் தொட்டியை ஓட்டவே கூடாது. உள்ளே கை விடும்போது பிளக்கைக் கழற்றிவிட வேண்டும்.

முன்பக்க நீரோட்டம்

உண்மையான வேலை இங்கேதான். பழைய நாசில் ஒன்றே ஒன்று. நேராக முன்கண்ணாடியில் அடித்தது. அந்த நேர்கோட்டில் இருந்த ஜோவாந்தஸ் எப்போதும் பாதி மூடியே இருக்கும். பாறைக்குப் பின்னால் அசைவே இல்லை. சயனோ அங்கே வந்ததில் ஆச்சரியம் என்ன?

பவளத்துக்கு நீரோட்டம் எதற்கு? அது நகர முடியாத உயிர். அதன் தோலை ஒட்டி ஏறக்குறைய அசையாத மெல்லிய நீர்ப்படலம் ஒன்று இருக்கும். ஆக்சிஜனும் கார்பனும் உணவும் உள்ளே வருவதும், கழிவு வெளியே போவதும் அந்தப் படலத்தைக் கடந்துதான். வெளியே ஓட்டம் கூடினால் படலம் மெலியும், பரிமாற்றம் வேகமாகும். பகல் வெளிச்சத்தில் பவளத்தின் உடலுக்குள் வாழும் பாசி உண்டாக்கும் அதிகப்படியான ஆக்சிஜனை வெளியேற்றவும் இது வேண்டும். நல்ல ஓட்டத்தில் உள்ள பவளம் வெப்பத்தையும் கடும் வெளிச்சத்தையும் கூடுதலாகத் தாங்கும். ஆனால் ஒரே திசையில் ஊசி மாதிரி அடிக்கும் நீர் வேறு விஷயம். அது சதையை எலும்பிலிருந்து கிழித்துவிடும். ஆக வேண்டியது அகலமான, திசை மாறும் ஓட்டம்.

நாசிலை இரண்டு வாயாகப் பிரியும், கணுக்கணுவாக வளைக்கக்கூடிய வகைக்கு மாற்றினேன். ஒரு வாய் மேல்நோக்கி, மேற்பரப்பு சிலிர்க்கும்படி. காற்றோடு பரிமாற்றம் நடப்பது அங்கேதான், எண்ணெய்ப் படலமும் கலைந்து பல்வரிசைக்குப் போகும். இன்னொரு வாய் பின்சுவரை ஒட்டிக் கீழ்நோக்கி.

அடுத்து ஒரு சின்ன வேவ்மேக்கர், அதாவது தொட்டிக்குள்ளேயே நீரைத் தள்ளி ஓட்டம் உண்டாக்கும் பம்ப். மணிக்கு 2000 லிட்டர் வரை தள்ளும் என்று போட்டது; பாதி வேகத்தில், விட்டு விட்டு ஓடும் முறையில் வைத்திருக்கிறேன். 45 செ.மீ. தொட்டியில் எங்கே மாட்டினாலும் பவளம் அதற்குப் பக்கத்தில்தான் இருக்கும். அதனால் பவளத்தை நோக்கித் திருப்பாமல், இடது சுவரில் உயரமாக மாட்டி, முன்கண்ணாடியை ஒட்டி எதிர்ச்சுவரை நோக்கி விட்டேன். நீர் எதிர்ச்சுவரில் மோதி உடைந்து, வேகம் தணிந்து, கீழே இறங்கி, மணல் மேல் திரும்பி வருகிறது. பவளங்கள் வாங்குவது இந்தத் திரும்பும் ஓட்டத்தைத்தான். நத்தைகள் பம்பின் வாயில் சிக்காமல் இருக்க ஒரு ஸ்பாஞ்ச் உறை. தொட்டியில் இடம்விட்டு இடம் நகரும் அனிமோன் (கடற்சாமந்தி) இருந்தால் இந்த உறை இல்லாமல் வேவ்மேக்கர் போடவே கூடாது.

ஆனால் பாறை பின்சுவரில் சாய்ந்து கிடக்கும்வரை இதெல்லாம் பாதிப் பலன்தான். குவியலைப் பிரித்து, பின்சுவரிலிருந்து நான்கு விரல் இடைவெளி விட்டு, அடியில் சின்னப் பாறைத் துண்டுகளைக் கால்களாகக் கொடுத்து, இரண்டு தனி மேடுகளாக அடுக்கினேன். நடுவில் ஒரு வழி. பின்னால் ஒரு வழி. கால்கள் அடிக்கண்ணாடியில் நிற்க வேண்டும், மணல் மேல் இல்லை. மணலைக் கிளறும் உயிர் ஏதாவது அடியில் குடைந்தால் சரிந்துவிடும்.

ஜோவாந்தஸ் இருக்கும் பாறையைத் தொடுகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. இவற்றில் சிலவற்றிலும், இவற்றின் உறவான பாலிதோவாவிலும் பாலிடாக்சின் என்ற கடும் விஷம் உண்டு. கையுறை, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி இல்லாமல் தேய்ப்பதோ வெட்டுவதோ வேண்டாம். கண்ணில் தெறித்தால் கண்ணுக்கே ஆபத்து. பாறையைச் சுத்தம் செய்கிறேன் என்று கொதிக்கவைப்பது, வெந்நீர் ஊற்றுவது இரண்டும் கூடவே கூடாது; ஆவியை மூச்சில் இழுத்துக் குடும்பத்தோடு மருத்துவமனைக்குப் போனவர்கள் உண்டு.

ஓட்டம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க மீன் உணவைத் துளி பொடித்துப் போட்டுப் பார்ப்பேன். துகள் எங்கே சுற்றுகிறது, எங்கே உட்காருகிறது, எங்கே நேர்க்கோட்டில் பறக்கிறது என்று வரைபடம் போட்டதுபோலத் தெரியும். அதன் பிறகு நாசிலை ஒரு கணு திருப்புவது, மறுபடி பார்ப்பது. இதற்கு அவசரப்படக் கூடாது. ஒரு திருப்பலுக்குப் பவளம் என்ன சொல்கிறது என்று தெரிய இரண்டு மூன்று நாளாவது ஆகும். ஹேமரின் விரல்கள் எல்லாத் திசையிலும் மெதுவாக ஆடினால் சரி. எல்லாமே ஒரே பக்கம் படுத்து, மறுபக்கம் எலும்பு விளிம்பு தெரிந்தால் ஓட்டம் அதிகம். மேலே கோழையும் தூசியும் தங்கினால் போதவில்லை. அகானுக்கு மேட்டின் மறைவில் இடம் கொடுத்தேன், உப்பிக்கொண்டது. ஜோவாந்தஸ் இப்போது முழுதாக விரிகின்றன.

மணல் கொஞ்சம் தொந்தரவு கொடுத்தது. என்னுடையது 1-2 மி.மீ. மணி. வேவ்மேக்கரின் வேகத்தைப் பாதிக்கு மேல் ஏற்றினால் வலது மூலையில் அடிக்கண்ணாடி தெரிகிறது. சர்க்கரை மாதிரிப் பொடிமணல் இருந்தால் இதே அமைப்பில் தொட்டி முழுக்கப் புழுதியாக இருக்கும்.

இப்போதைய நிலை

நைட்ரேட் மெதுவாக இறங்கி 8-க்கும் 10-க்கும் இடையில் நிற்கிறது. பாஸ்பேட் 0.08. இதற்கும் கீழே தள்ள ஆசை இல்லை. கீட்டோ விளக்கின் நேரத்தைக் குறைத்துவிட்டேன். பாறைக்குப் பின்னால் இருந்த சயனோ மறைந்துவிட்டது. மணலில் விளக்குக்கு நேர் கீழே ஒரு திட்டு அவ்வப்போது வரும், நீர் மாற்றும்போது உறிஞ்சிவிடுவேன். டி.சி. பம்பிலிருந்து ஒரு மெல்லிய ரீங்காரம் வருகிறது. அடியில் சிலிக்கான் பாதம் வைத்ததில் குறைந்தது, போகவில்லை.

இரண்டு பம்பையும் இரண்டு மாதம் தாண்டாமல் கழற்றி, பாதி வினிகர் பாதி நீரில் ஊறவைக்கிறேன். சுண்ணாம்புப் பூச்சும் கல்போல் படியும் கோரலைன் பாசியும் பம்பின் உள்ளே சுழலும் இம்பெல்லரில் ஏறினால் சத்தம் கூடும், நீர் குறையும். கழுவி மாட்டியதும் மறுபடி 2 லிட்டர் ஜாடி. 11 விநாடி வருகிறதா என்று பார்த்தால் போதும்.

முன்பக்க இடது மூலையில், வேவ்மேக்கருக்கு நேர் கீழே, இன்னும் கசடு சேர்கிறது. நாசிலை எப்படித் திருப்பினாலும் அது அங்கேயே வருகிறது, அல்லது வேறு ஏதாவது மூலைக்கு இடம் மாறுகிறது. இந்த மூலை கை எட்டுகிற மூலை. அதனால் அங்கே பாறையோ பவளமோ வைக்காமல் காலியாக விட்டு, வாராந்திர 6 லிட்டரை அங்கிருந்தே உறிஞ்சுகிறேன். பல்வரிசையின் இடைவெளிகளை அரம் வைத்துக் கொஞ்சம் அகலமாக்கினால் பம்பை இன்னும் சற்றுக் கூட்டலாம். ஆனால் அதில் நுழைந்துவிடக்கூடிய க்ளௌன் குஞ்சு விரலளவு வரும்வரை அதைத் தொடுவதாக இல்லை.